சித்திரையில் அளந்த ஊர்

நம் அலுவலகத்து வரைபடங்களில் மழை பெய்வதே இல்லை. கவனித்திருக்கிறீர்களா? அலமாரி நிறையச் சுருட்டி வைத்திருக்கிறோமே, ஏதாவது ஒன்றை விரித்துப் பாருங்கள். தரை உலர்ந்து, வயல் வெடித்து, கருவியை எங்கே ஊன்றினாலும் கால் புதையாமல் நிற்கிற மாதங்களில்தான் நாம் அளக்கப் போகிறோம். அதனால் நாம் வரைந்த எல்லா ஊர்களிலும் வருடம் முழுக்கக் கோடை.

ஆண்டு மலருக்கு எழுதச் சொல்லிக் கேட்டீர்கள். "புதுசா வந்தவங்களுக்கு உபயோகமா ரெண்டு அனுபவம் குடுங்கக்கா" என்றாள் உங்களில் ஒருத்தி. இரண்டு இருக்கிறது. இரண்டும் நான் செய்த தவறு. ஒரே தவறை இரண்டு ஊர்களில், இருபது வருடத்துக்கு மேற்பட்ட இடைவெளியில் செய்தேன். மலர்க்குழு இதை வெட்ட நினைத்தால் முழுதாக வெட்டிவிடட்டும். பாதியைப் போட வேண்டாம்.

இருபத்திரண்டு வயதில் தில்லிக்குப் போனேன். அங்கே ஒரு திட்ட வரைவு அலுவலகத்தில் எட்டு வருடம் வரைவாளர் வேலை. தலைநகரம் வளர்ந்த கதையை ஐந்து ஒளி ஊடுருவும் தாள்களில் வரைந்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் காட்ட வேண்டும். அடியிலிருந்து விளக்கு எரியும் மேசை. முதல் தாளில் மதில் சூழ்ந்த பழைய நகரம், ஆற்றை ஒட்டி, உள்ளங்கை அளவுக்கு. இரண்டாவதில் வெள்ளைக்காரன் அடிக்கோல் வைத்து இழுத்த அகன்ற சாலைகள். மூன்றாவதில் பிரிவினையின்போது எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஓடிவந்தவர்களின் குடியிருப்புகள். நான்காவதில் அரசு ஊழியர்களுக்கான அடுக்கு வீடுகள். ஐந்தாவது தாளை வைத்தால் நகரம் யமுனையைத் தாண்டிப் போயிருக்கும்.

இடையிடையே சிவப்பு வளையங்கள். லால் டோரா, சிவப்பு நூல் என்று பெயர். நகரம் விழுங்க வருவதற்கு முன்பே அங்கிருந்த கிராமங்களின் வீட்டுப்பகுதியைச் சுற்றிப் போட்ட கோடு அது. வயல் போய்விடும், வீடுகள் மட்டும் நூலுக்குள் நிற்கும். முதல் தாளிலிருந்து ஐந்தாவது தாளுக்குப் போவதற்குள் அந்த வளையங்களைச் சுற்றிப் பச்சை மறைந்து சாம்பல் நிறம் ஏறுவதை என் கையாலேயே வண்ணம் தீட்டியிருக்கிறேன். பெருமையாகத்தான் இருந்தது. தென்காசிக்காரி தில்லியை வளர்க்கிறேன் என்று ஊருக்குக் கடிதம் எழுதினேன்.

எங்கள் தலைமை வரைவாளர் பேச்சுக் குறைந்த மனிதர். பெயர் போடுவது அவருக்குப் பிடிக்காது, விடுங்கள். எந்தத் தாளைக் கொண்டுபோய் நீட்டினாலும் அவர் முதலில் கேட்பது ஒன்றுதான்: "கௌன்சா மஹீனா?" எந்த மாதம்? எந்த மாதத்தில் அளந்தது? எனக்கு அது கிறுக்குத்தனமாகப் பட்டது. நிலம் மாதத்துக்கு மாதம் மாறுமா என்ன?

இரண்டு குடியிருப்புகளுக்கு நடுவே ஒரு வளைந்த கீற்று. அளவைக் குறிப்பேட்டில் 'மண் பாதை' என்றிருந்தது. மே மாதத்துக் குறிப்பு. சாலை என்று மை போட்டேன். அடுத்த வருடம் அங்கே மேடேற்றித் தார் போட்டார்கள். அதற்கடுத்த ஜூலையில் ஒரு காலை, தலைமை வரைவாளர் என்னை மேசையிலிருந்து எழுப்பிப் பேருந்தில் ஏற்றிக்கொண்டு போனார். ஓரிடத்தில் பேருந்து நின்றுவிட்டது. இறங்கிச் சாலையோரம் நடந்தால் முழங்காலளவு தண்ணீர். நான் சாலை என்று எழுதியது மழைநீர் போகும் ஓடை. மேடேற்றிவிட்டதால் ஓடை இருபுறமும் வீடுகளுக்குள் புகுந்திருந்தது.

முதல் வீட்டில் ஒரு தையல்காரி. என் வயதுதான் இருக்கும். தையல் இயந்திரத்தின் நாலு காலுக்கும் செங்கல் வைத்து உயர்த்தியிருந்தாள். மிதியை எட்ட வேண்டுமே, நாற்காலிக்கும் செங்கல். தண்ணீருக்கு மேலே, ஏதோ ராணி மாதிரி உட்கார்ந்து யாருக்கோ ரவிக்கை தைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்துச் சிரித்தாள். "வா வா. தலைநகரம் என் வீட்டுக்கு விருந்துக்கு வந்திருக்கிறது பார். செருப்பைக் கூடக் கழற்றவில்லை."

திரும்பும்போது தலைமை வரைவாளர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லி மறந்திருப்பேன்.

பிறகு தேர்வெழுதி, அரசு வேலை கிடைத்து, ஊர்ப்பக்கமே வந்துவிட்டேன். நம் ஊர் மாவட்டத் தலைநகரமானபோது நீங்கள் பள்ளியிலோ கல்லூரியிலோ இருந்திருப்பீர்கள். எனக்கு அந்த நாட்கள் தாள் தாளாக நினைவிருக்கிறது. வாடகைக் கட்டடங்களில் அவசர அவசரமாக அலுவலகங்கள். மாடிப்படியில் கோப்புக் கட்டுகள். செங்கோட்டைச் சாலையில் நேற்றுவரை நாற்று நின்ற வயலில் வண்ணம் அடித்த கல் நட்டு மனை விற்பனை. கோபுரத்துக்கு நேர் எதிரே நின்று தொலைபேசியில் "மாவட்டத் தலைநகர்ல இடம் சார், தலைநகர்ல" என்று கத்துகிற தரகர்கள். அந்தச் சொல்லின்மேல் ஊருக்கே ஒரு பசி வந்திருந்தது. முதல் தாளுக்கும் இரண்டாம் தாளுக்கும் நடுவில் நிற்கிற ஊர் எப்படி மூச்சு வாங்கும் என்று எனக்குத் தெரியும். மேசையில் விளக்குப் போட்டுப் பார்த்தவள் நான்.

தெரிந்தும் செய்தேன்.

புது அலுவலக வளாகத்துக்கு ஒரு நாற்பதடிச் சாலை வேண்டும். ஒரு குளத்தின் கீழ்ப்புறமாக, பதினேழு வீடுகள் உள்ள தெருவுக்குப் பின்னால், ஏற்கெனவே ஒரு வண்டித்தடம் போகிறது, அதையே அகலப்படுத்தி உயர்த்திவிடலாம் என்று யோசனை. அளக்கப் போனேன். சித்திரை மாதம். கூட வந்தவர் மாடசாமி அண்ணாச்சி, அளவை உதவியாளர். சங்கிலி பிடித்து அளந்த காலம் போய்க் கருவி வந்த பிறகும் எல்லாருக்கும் அவர் சங்கிலி அண்ணாச்சிதான். தடம் சிமிண்டுத் தரை மாதிரி காய்ந்து கிடந்தது. ஆட்டுப் புழுக்கை, டிராக்டர் சக்கரத் தடம், பையன்கள் ஊன்றிய கிரிக்கெட் குச்சி. 'பாதை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அரை நாள் வேலை. எந்த மாதம் என்று என்னைக் கேட்க அங்கே ஆள் இல்லை. நானாவது கேட்டிருக்கலாம்.

வைகாசிக் கடைசியில் வீட்டு எண் சரிபார்க்க அதே தெருவுக்குப் போனோம். தண்ணீர் கேட்டு ஒரு வீட்டில் உட்கார்ந்தோம். ஜெபமணியின் வீடு. ஐந்தருவியில் சீசனுக்கு மங்குஸ்தானும் ரம்புட்டானும் கூறு வைத்து விற்பவள்; சீசன் போனால் பேருந்து நிலையத்தில் வாழைப்பழம். சொம்பைக் கையில் கொடுத்துவிட்டு அவள் தன் வேலையைத் தொடர்ந்தாள். அவளும் பக்கத்து வீட்டுப் பெண்ணும் சேர்ந்து ஒரு இரும்புப் பீரோவை நெம்பித் தூக்கிக் காலுக்குக் கீழே கருங்கல்லைச் சொருகிக்கொண்டிருந்தார்கள்.

சொம்பைக் கீழே வைத்தேன்.

"எதுக்கு இந்தக் கல்லு?"

"சீசன் வருதுல்லாக்கா. வைகாசி கடைசில பீரோவுக்குக் கல்லு வெச்சிருவோம். எங்க தெருவுல கல்யாணச் சீரே பீரோவும் நாலு சோடிக் கல்லுந்தான்." பக்கத்து வீட்டுக்காரி குலுங்கிச் சிரித்தாள். "இவ மாப்ள வீட்ல பீரோ குடுக்கலன்னு கோவிக்கல. கல்லு சின்னதா இருக்குன்னு கோவிச்சாவ."

"தண்ணி எங்கிருந்து வரும்?"

ஜெபமணி புறவாசல் கதவைக் காலால் தள்ளித் திறந்தாள். நான் 'பாதை' என்று எழுதிய தடம். "இதான குளத்து மறுகால். குளம் நெறஞ்சா மிச்சத் தண்ணி இங்கன கூடித்தான் போவும். நீங்க அன்னைக்கு மிசின வெச்சு அளந்தியள, நாங்கூட நெனச்சேன், ஓடைய ஆழமா வெட்டப் போறாவளோன்னு." பிறகு என் முகத்தைப் பார்த்தாள். "என்னக்கா, வெட்டலையா?"

மாடசாமி அண்ணாச்சி செருமினார். "வெட்டலம்மா. மேடேத்தப் போறாவ."

ஜெபமணி கையிலிருந்த கல்லைக் கீழே வைக்கவில்லை. "மேடேத்துனா கல்லு போதாதுல்லா? தண்ணி சன்னலுக்கு வந்துருமே" என்றாள். ரேஷன் கடையில் சர்க்கரை இல்லை என்று சொல்கிற குரலில் சொன்னாள்.

அலுவலகத்துக்கு ஓடினேன். நம் அதிகாரி வெளியூர்க்காரர், கெட்டவர் இல்லை. மேலிருந்து தினமும் தொலைபேசி. சாலையின் இறுதி வரைபடத்தில் என் கையெழுத்து விழுந்தால் மறுநாள் மண் லாரி வரும். விஷயத்தைச் சொன்னேன்.

"மேடம், அளவைத் தாள்ல 'பாதை'ன்னு எழுதினது யாரு?"

"நான்தான் சார்."

"கையெழுத்து?"

"என்னுது."

"அப்புறம் நான் என்ன பண்ணணும்ங்கிறீங்க?"

தம்பிகளே, தங்கைகளே, நெருக்கடி என்று நீங்கள் கற்பனை செய்வதெல்லாம் எதிரே யாரோ கத்துவதாகத்தான் இருக்கும். என் நெருக்கடி அமைதியாக இருந்தது. மின்விசிறிச் சத்தம், என் சொந்தக் கையெழுத்து. மறுப்பதென்றால் முதலில் என்னையே மறுக்க வேண்டும். நான் அளந்தது தவறு என்று எழுதிக் கொடுத்தால் கவனக்குறைவு என்று குறிப்பாணை வரும், நியாயமாகவே வரும். எழுதாவிட்டால் பதினேழு வீடு. இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று இப்போது தோன்றுகிறது. அன்று இரண்டு நாள் யோசித்தேன். அதையும் மறைக்க மாட்டேன்.

"ஆனியில ஒரு தடவை நேர்ல வந்து பாருங்க சார். அதுவரைக்கும் கையெழுத்துப் போட மாட்டேன்" என்றேன். முறைத்தார். பிறகு ஒத்துக்கொண்டார்.

ஆனியில் சாரல் பிடித்தது. ஒரு மாலை ஜெபமணி ஐந்தருவியிலிருந்து அழைத்தாள். பின்னால் தண்ணீர் இரைச்சல், போலீஸ் விசில். "அக்கா, குளிக்கக் கூடாதுன்னு கயிறு கெட்டிட்டாவ. அருவியில கயிறு கெட்டுனா மறுநா காலையில எங்க வீட்டுப் பின்னால தண்ணி. உங்க சாரக் கூட்டிட்டு வாங்க."

அதிகாரி புது ரப்பர் செருப்பு வாங்கிப் போட்டுக்கொண்டு வந்தார். தெருவே கூடி நின்றது. மறுகாலில் ஈரம் கூட இல்லை. அரை மணி நேரம் நின்றோம். ஒரு ஆடு அந்த வழியாக நடந்து போனது. இந்தக் குளத்துக்கு மேலே இருக்கிற இன்னொரு குளத்தை அந்தக் கோடையில்தான் தூர் வாரி ஆழப்படுத்தியிருந்தார்கள். வந்த தண்ணீரையெல்லாம் அது குடித்துவிட்டிருந்தது. யாரோ நல்லது செய்திருந்தார்கள். அது என் காலை வாரிவிட்டது.

அதிகாரி முதுகைக் காட்டித் திரும்பி ஜீப்பில் ஏறினார். மாடசாமி அண்ணாச்சி என் காதருகே, "சார் செருப்பு நனையவே இல்ல. பில்லு இருந்தா கடையில திருப்பிக் குடுத்துரலாம்" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஜெபமணிக்குக் கோபம். "நான் என்ன பொய்யா சொன்னேன்? தண்ணிக்கு ஆபீஸ் நேரம் தெரியுமாக்கா? அது வாரப்பத்தான் வரும்!"

"நீ பொய் சொல்லுதன்னு யாரு சொன்னா?"

"அவிய முதுகு சொல்லுச்சே, பாக்கலையா?"

அங்கேயே நின்றேன். கேலி செய்ய விரும்பியவர்களுக்கெல்லாம் நல்ல சந்தர்ப்பம். தண்ணீர் சாட்சி சொல்ல வரவில்லை என்பதால் ஓடை பாதையாகிவிடுமா? அப்போதுதான் கதவு திறந்திருந்த வீட்டுக்குள் அந்தப் பீரோ கண்ணில் பட்டது. "அண்ணாச்சி, மட்டக் கருவிய எடுங்க" என்றேன்.

"எதை அளக்க?"

"பீரோவ."

பதினேழு வீடு. ஒவ்வொரு வீட்டிலும் தரை ஒரு உயரம், கல் ஒரு உயரம். தெருவின் தலைமாட்டில் ஒற்றைக் கல், கடைசி வீட்டில் மூன்று கல். அண்ணாச்சி முதலில் சிரித்துக்கொண்டேதான் அளவுகோலைப் பிடித்தார். எட்டாவது வீட்டில் சிரிப்பு நின்றது. கடைசி வீட்டில், "ஏயம்மா, என்ன இது" என்றார். பதினேழு பீரோக்களின் அடித்தகடும் ஒரே மட்டம். ஒரு விரற்கடை கூட வித்தியாசமில்லை. யாரும் யாரையும் கேட்டு வைக்கவில்லை. ஒவ்வொரு வீட்டுக்காரியும் தன் வீட்டில் தண்ணீர் எதுவரை வந்ததோ அதற்கு மேலே தன் சீரைத் தூக்கி வைத்திருக்கிறாள். நான் எட்டு வருடம் தில்லியிலும் இருபது வருடத்துக்கு மேல் இங்கேயும் போட்ட எந்தக் கோட்டையும்விட நேரான கோடு அது.

அந்த மட்டத்தை வரைபடத்தில் நீலத்தில் இழுத்தேன். வீட்டு எண்ணும் கல்லின் உயரமும் ஓரத்தில் எழுதினேன். 'பாதை' என்றது என் தவறு, சித்திரையில் அளந்ததால் நேர்ந்தது, இது மறுகால், இதை மேடேற்றும் வரைபடத்தில் கையெழுத்திட மறுக்கிறேன் என்று கடிதமும் வைத்தேன்.

"பீரோவை எல்லாம் ஆவணமா வைக்கலாமா மேடம்?" என்றார் அதிகாரி.

"ஆட்டுப் புழுக்கையைப் பாத்து நான் எழுதின 'பாதை'யை வைச்சிருக்கோமே சார்."

குறிப்பாணை வந்தது. வாங்கிக்கொண்டேன்.

மேல் குளமும் நிறைந்து மறுகாலில் தண்ணீர் வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, அலுவலகத்துக்குப் பூட்டுப் போட்டிருக்கும்போது. ஜெபமணி வீடியோ எடுத்து அனுப்பினாள். ஓடை செம்மண் நிறத்தில் கரை தளும்பிப் போகிறது. வீட்டுக்குள் தண்ணீர், கல்லை மூடிக்கொண்டு, பீரோவின் அடித்தகட்டுக்குக் கீழே ஒரு நூலிடை விட்டு நிற்கிறது. அவள் குரல்: "சார், நல்லா பாத்துக்கிடுங்க. இன்னைக்கு ஞாயித்துக்கெழம. கோயிலுக்குப் போகாம உங்களுக்காகத்தான் படம் புடிச்சிட்டு நிக்கேன். பீரோ நனையல, பாத்தியளா? அக்கா கோடு சரியா இருக்கு."

அதிகாரி திங்கள்கிழமை அதை இரண்டு தடவை பார்த்தார். "இது எந்த வருஷத்து வீடியோவோ" என்று சும்மா சொல்லிப் பார்த்தார். அதை அவரே நம்பவில்லை. கோப்பில் 'மறு அளவை செய்க' என்று எழுதினார். என் பணிப் பதிவேட்டில் 'கண்டனம்' என்று ஒரு வரி எழுதினார். இரண்டையும் ஒரே பேனாவால் எழுதினார். இரண்டுமே சரி. கண்டனத்தை அழிக்கச் சொல்லி நான் மேல்முறையீடு செய்யவில்லை. அந்த வரி அங்கேயே கிடக்கட்டும். பதினேழு வீட்டுப் பின்னால் ஓடுகிற மறுகாலைப் பாதை என்று எழுதியவளுக்கு அது குறைவு.

பிறகு என்னை வேறு ஊருக்கு மாற்ற உத்தரவு தயாராவதாகக் கேள்விப்பட்டேன். மாறிப் போனால் வாயை மூடிக்கொண்டு சம்பளம் வாங்க வேண்டும். ஓய்வு பெற்றால் பேசலாம். விருப்ப ஓய்வு எழுதிக் கொடுத்தேன். பயந்து போனேன் என்று சொன்னவர்கள் இருக்கிறார்கள். உங்கள் மேசைக்குப் பக்கத்து மேசையில்தான் இருக்கிறார்கள். அவர்களும் இதைப் படிக்கட்டும்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். அந்த மறு அளவை இன்னும் நடக்கவில்லை. வரும் சித்திரையில் வைத்திருப்பதாகத் தெரிகிறது. ஆம், சித்திரையில். கருவியோடு போகப்போவது உங்களில் ஒருவர். வெயில் அடிக்கும். தரை இறுகிக் கிடக்கும். கிரிக்கெட் குச்சி நிற்கும். 'பாதை' என்று எழுத அரை நாள் போதும். இறுதி வரைபடத்தில் கையெழுத்துக்கான கட்டம் நான் விட்டுவந்தபடியே காலியாக இருக்கிறது. ஆனியில்தான் அளப்பேன் என்று எழுதிக் கொடுங்கள். குறிப்பாணை வந்தால் வாங்கிக்கொள்ளுங்கள். அதன் எடை எவ்வளவு என்று எனக்குத் தெரியும், ஒரு காகிதத்தின் எடைதான்.

போன வாரம் ஜெபமணியைப் பேருந்து நிலையத்தில் பார்த்தேன். ஒரு சீப்பு வாழைப்பழத்தை என் பையில் திணித்துவிட்டுக் கேட்டாள்: "அக்கா, நீங்க வேலைய விட்டுட்டியளாம். இப்ப புதுப் பிள்ளைய வந்திருக்காவளாம். ரோடு வந்துருமா? இன்னொரு அடுக்கு கல்லு வைக்கணுமா, வேண்டாமா? அத மட்டும் சொல்லுங்க. கல்லு வெல கூடிப் போச்சு."

"வேண்டாம்" என்று சொல்லிவிட்டேன்.

உங்களைக் கேட்காமல்தான் சொன்னேன்.